மதிலுக்கு உள்ளே ஒரு நாள்

நான் கோச்சடையில் பிறந்து வளர்ந்தவன். வையையின் தென்கரையில் வயலும் தோப்புமாக இருந்த எங்கள் ஊர் இன்று மதுரை மாநகரத்தோடு கலந்து, எது ஊர், எது நகர் என்று பிரித்தறிய இயலாதபடி ஆகிவிட்டது. சிறுவனாக இருந்த நாளில் தந்தையாருடன் பஸ் ஏறி நகரத்துக்குப் போவதென்றால் எனக்கு அது ஒரு திருவிழா. அரசரடிப் பக்கம் வண்டி வரும்பொழுது ஒரு நெடிய மதில் கண்ணில் படும். மதுரை மத்தியச் சிறையின் மதில் அது. அதைக் கண்டவுடன் வண்டியில் யாரேனும் ஒருவர், "மாமியார் வீடு வந்துவிட்டது, இறங்குகிறவர்கள் இறங்கலாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் என் அருகில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அந்த நிறுத்தத்திலேயே பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் இறங்கினார். வண்டியில் சிரிப்பு அடங்கிற்று. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வேறு பேச்சு தொடங்கிவிட்டது.

சிறையைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்தவை. ஒன்று திரைப்படம். வரிவரியாகக் கோடிட்ட சட்டை, கல் உடைக்கும் சம்மட்டி, அலுமினியத் தட்டு, கொடுமைக்கார வார்டர் ஆகிய எல்லாம் அங்கே உண்டு. மற்றொன்று நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற பெரியோர்கள் எழுதி வைத்த நூல்கள். முன்னதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பின்னதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

1908 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே என்பவர் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். உயர்நீதிமன்றத்தில் அது குறைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறையிலும் பிறகு கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். வழக்கறிஞராக வாழ்ந்தவர்; சொந்தமாகக் கப்பல் கம்பெனி நடத்தியவர். கோயமுத்தூரில் அவரை முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றும் வேலையில் விட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வந்தது. அதன் பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுக்கும் வேலையில் பூட்டினார்கள். அந்தச் செக்கு இன்றும் நினைவுப் பொருளாகக் காக்கப்பட்டு வருகிறது. அதே நாளில் தண்டனை பெற்ற வத்தலக்குண்டு சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு சிறையிலிருந்து திரும்பினார். இவற்றை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

வேலூர்ச் சிறையில் 1921 டிசம்பரில் புகுந்து மூன்று மாதம் கழித்த இராஜாஜி, அந்நாட்களை நாட்குறிப்பாகவே எழுதி வைத்தார். நேரு தம் மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் சிறை அறையில் பிறந்தவை. இவை போற்றத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நூல்களை எழுதியவர்கள் தாம் ஏன் உள்ளே இருக்கிறோம் என்பதை அறிந்தவர்கள். வெளியே ஒரு நாடு தம்மை நினைத்துக்கொண்டிருக்கிறது என்னும் நினைவு அவர்களுக்கு இருந்தது. பக்கத்துக் கொட்டடியில் ஆடு திருடியதற்காக ஆறு மாதம் கிடந்தவனுக்கு அந்த நினைவு இல்லை. அவனுக்கு எழுதத் தெரியாது. தெரிந்தாலும் அதை அச்சிட யாரும் இல்லை. ஆகவே நம் சிறை நூல்களில் அவன் வரும்போதெல்லாம் ஒரு பக்கத்துப் பாத்திரமாகவே வந்து போகிறான். அவனுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவன் வாயால் கேட்டவர் சிலரே.

நான் முப்பது ஆண்டுக் காலம் பள்ளியில் தமிழ் கற்பித்தவன். புறநானூற்றின் 74 ஆம் பாட்டைப் பல முறை நடத்தியிருக்கிறேன். சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற்கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். தாகம் எடுக்கிறது. தண்ணீர் கேட்கிறான். காவலர் உடனே கொடுக்கவில்லை. காலம் தாழ்த்திக் கொடுக்கிறார்கள். அதை அருந்தாமல் உயிர் விடுகிறான் என்று அந்தப் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு கூறுகிறது. வகுப்பில் நான் எப்போதும் மானத்தைப் பற்றியே பேசுவேன். 'மானம் பெரிதா, உயிர் பெரிதா' என்று வினா எழுப்புவேன். மாணவர்களும் மானமே பெரிது என்று எழுதி மதிப்பெண் வாங்கிப் போவார்கள். காலம் தாழ்த்தினார்கள் என்பதைப் பற்றி நான் ஒரு நாளும் நின்று பேசியதில்லை. காவலர் அவனை அடித்ததாக அந்தக் குறிப்பில் இல்லை. பட்டினி போட்டதாகவும் இல்லை. அவன் கேட்டான், அவர்கள் தங்களுக்கு ஒழிந்தபோது கொடுத்தார்கள். அவ்வளவுதான் அங்கே நடந்தது. தமிழில் சிறையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று இது. சிறை என்பது என்ன என்பதை அது சொல்லிவிட்டது என்பதை நான் மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். எப்படி உணர்ந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய சிறையின் ஒரு நாளை முதலில் பார்ப்போம். காலை ஆறு மணியளவில் கொட்டடி திறக்கப்படும். இதற்குத் 'திறப்பு' என்று பெயர். திறந்தவுடன் எண்ணிக்கை. வரிசையாக உட்கார வைத்துத் தலைகளை எண்ணுவார்கள். நேற்று மாலை அடைத்தபோது இருந்த கணக்கும் இன்று காலைக் கணக்கும் ஒத்து வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மறுபடியும் எண்ண வேண்டும். எண்ணி முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது. வயிற்றுக் கோளாறு உள்ளவனும் போக முடியாது. இப்படி ஒரு நாளில் பல முறை. பெயர் இருந்த இடத்தில் எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று சொல்வார்கள். எண்ணைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது.

உணவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 'களி தின்கிறான்' என்பது சிறைக்குப் போனான் என்பதற்கு நம் நாட்டு வழக்கு. அந்தக் கேழ்வரகுக் களி தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து போய் நெடுங்காலம் ஆயிற்று. பொங்கலும் உப்புமாவும் சோறும் சாம்பாரும் உண்டு. வாரத்தில் சில நாள் முட்டையோ கோழியோ உண்டு. கேழ்வரகு வெளியே உடல்நல உணவாக விலை ஏறி நிற்கும் இந்நாளில், களியைச் சொல்லிப் பயமுறுத்துவது வேடிக்கைதான். ஆனால் இரவு உணவை மாலை அடைப்புக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள் என்பதை வெளியே உள்ளவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சூரியன் மறையும் முன்பே சோறு வந்துவிடும். அப்போது பசி இருக்காது. பசி வரும் நேரத்தில் சோறு ஆறியிருக்கும்.

மாலை ஆறு மணியளவில் அடைப்பு. மறு நாள் காலைவரை பன்னிரண்டு மணி நேரம் கதவு திறவாது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காவலுக்கு அது தேவை. சிறையை நாம் 'இருட்டறை' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். உள்ளே இருந்து வந்தவர்களைக் கேட்டால், இருட்டுக் கிடைக்காததுதான் பெருந்தொல்லை என்பார்கள். துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுப்பவர் பலர். பத்துப் பேருக்கான இடத்தில் பதின்மூன்று பேர் படுத்தால் ஒருவன் புரளும்போது மற்றவனும் புரள வேண்டும். இந்தக் கணக்கு என் கற்பனை அன்று. 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266 பேர். உள்ளே இருந்தவர் 5,73,220 பேர். நூறு பேருக்கு உரிய இடத்தில் 131 பேர்.

கைதியைப் பார்க்க உறவினர் வருவதற்குச் சிறை வட்டாரத்தில் 'மனு' என்று பெயர். 'இன்றைக்கு உனக்கு மனு' என்றால் உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று பொருள். அலுவலக மேசையில் தூசி படிந்து கிடக்கும் இந்தச் சொல்லை உள்ளே இருப்பவன் கேட்கும்போது அவன் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று சிறையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் கூறுவார். ஆனால் மனுவுக்கு என்று கிடைப்பது சில நிமிடங்கள். நடுவே கம்பி வலை. இப்புறம் பத்துப் பேர், அப்புறம் பத்துப் பேர். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். மெல்லச் சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்தவர் கேட்க உரக்கச் சொல்லக் கூசுவதைச் சொல்லாமலே விட்டுவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா 1964 இல் ராபன் தீவுச் சிறைக்குப் போனபோது ஆறு மாதத்துக்கு ஒரு கடிதமும் ஒரு சந்திப்புமே அவருக்கு அனுமதிக்கப்பட்டன. நம் நாட்டில் விதி அவ்வளவு கடுமையானது அன்று. ஆனால் கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு மனு என்பது ஒரு நாள் கூலியின் இழப்பு; அதோடு பஸ் கட்டணம். அவள் எத்தனை முறை வருவாள் என்பதை விதி தீர்மானிப்பதில்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டனை பெற்றவர்களுக்கு நெசவு, தையல், ரொட்டி சுடுதல், புத்தகக் கட்டு வேலை முதலிய தொழில்கள் உண்டு, கூலியும் உண்டு. தமிழ்நாட்டில் சில ஊர்களில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் கைதிகள் வேலை செய்வதை நீங்களே கண்டிருக்கலாம். ஆனால் எந்த வேலை யாருக்கு என்பதில் ஒரு பழைய நஞ்சு கலந்திருந்தது. கூட்டிப் பெருக்குவது ஒரு சாதிக்கு, சமைப்பது மற்றொரு சாதிக்கு என்று பல மாநிலங்களின் சிறை விதிகளில் அச்சிலேயே இருந்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதி வாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்து வைத்த செய்தியும் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 2024 அக்டோபர் 3 ஆம் நாள் உச்சநீதிமன்றம் இத்தகைய விதிகள் யாவும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. சுதந்திரம் பெற்று எழுபத்தேழு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு அது. வெளி உலகில் வெளிப்படையாகச் செய்யக் கூசுவதை மதிலுக்கு உள்ளே இத்தனை காலம் விதியாகவே வைத்திருந்தோம் என்பதை உங்களைப் போன்ற இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது இந்தப் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் சொன்ன 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டனை பெற்றவர் அல்லர். விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா, இல்லையா என்பது முடிவாகாதவர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல். நாம் 'கைதி' என்றவுடன் குற்றவாளி என்று எண்ணுகிறோம். நம் சிறைகளில் நால்வரைப் பார்த்தால் மூவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றமற்றவர்கள்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. தண்டனை பெற்றவனுக்கு வேலை உண்டு, கூலி உண்டு, விடுதலை நாள் உண்டு. நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் கழிவு உண்டு. வீட்டில் சாவோ கலியாணமோ நேர்ந்தால் விடுப்புக் கேட்க வழி உண்டு. அவன் சுவரில் கோடு கிழித்து நாளை எண்ணலாம். விசாரணைக் கைதிக்கு வேலை கொடுப்பது கட்டாயம் அன்று. ஆகவே பெரும்பாலும் வேலை கிடையாது. விடுதலை நாள் என்று ஒன்று கிடையாது. அவன் எத்தனை கோடு கிழித்தாலும் எங்கே போய் முடியும் என்பது தெரியாது. வாய்தா நாள் ஒன்றே அவனுக்கு நாள். முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை காவலை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அழைத்து வருவார்கள். அந்த நாளில் தாய்மார்கள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருப்பார்கள். பிள்ளை வேனிலிருந்து இறங்கி உள்ளே போவதற்குள் இரண்டு வார்த்தை பேசலாம். இப்பொழுது காணொளித் திரை வந்துவிட்டது. கைதி சிறையிலிருந்தபடியே திரையில் தோன்றுகிறான், காவல் நீட்டிக்கப்படுகிறது. அரசுக்குச் செலவு மிச்சம், பாதுகாப்புக்கும் நல்லது. மறுக்கவில்லை. தாழ்வாரத்தில் காத்திருந்த தாய் என்ன ஆனாள் என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கிலாந்தில் 1773 இல் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீப்பாக ஜான் ஹோவர்ட் என்பவர் பதவி ஏற்றார். அந்தப் பதவியில் இருந்தவர்கள் சிறையை எட்டிப் பார்ப்பதில்லை. இவர் போய்ப் பார்த்தார். நிரபராதி என்று நீதிமன்றம் விடுவித்த சிலரும் அங்கே இன்னும் அடைபட்டிருப்பதைக் கண்டார். காரணம் கேட்டபோது, சிறைக்காவலனுக்குத் தரவேண்டிய கட்டணத்தை அவர்கள் கட்டவில்லை என்றார்கள். அந்நாளில் சிறைக்காவலனுக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் கொடுக்கும் கட்டணமே அவன் வருவாய். ஹோவர்ட் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். எங்கும் அதே கதை. மறு ஆண்டே பாராளுமன்றம் இதற்காகச் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் அவர் ஓயாமல் ஐரோப்பாவின் சிறைகளையெல்லாம் பார்த்து எழுதினார். இன்றைய உக்ரைன் நாட்டில் உள்ள கெர்சோன் நகரில் 1790 இல் காய்ச்சலால் மாண்டார்.

இந்தக் கதையைப் படித்தபோது, 'இப்படியும் ஒரு காட்டுமிராண்டிக் காலம் இருந்ததே' என்று நானும் எண்ணினேன். நம் நாட்டில் ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாமல் சுமார் 5,000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 'ஜாமீன் கொடுத்தோம், போகலாம்' என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் இரு நபர் ஜாமீன் வேண்டும். அவர்களுக்குச் சொத்து இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது வேண்டும். குடிசையில் இருப்பவனுக்குத் தெரிந்தவர் எல்லாரும் குடிசையிலேயே இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீது உள்ளவர் அவனுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவனுடைய தாய் பாத்திரம் துலக்கும் வீட்டுக்காரராக இருப்பார். அல்லது அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியராக இருப்பார்.

அந்த ஆசிரியர் நான்தான்.

பையன் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் என்னிடம் படித்தான். செய்யுளை மனப்பாடம் செய்வதில் மந்தம். ஆனால் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். குடும்ப நிலையால் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தான். இருபது வயதில், தேநீர்க் கடை வாசலில் நடந்த ஓர் அடிதடியில் ஏழு பேரைப் பிடித்தபோது அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அடித்தானா, விலக்கப் போனானா என்பது எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். பன்னிரண்டாம் நாள் ஜாமீன் கிடைத்துவிட்டது. அன்று மாலையே அவன் தாய் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா எம்புள்ள வீட்டுக்கு வந்துருவான்யா."

"பார்க்கலாம் அம்மா. கொஞ்சம் விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பயந்தேன். கோர்ட்டு, போலீசு என்று நம் பெயர் எழுதப்படுவதை நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார் விரும்புவதில்லை. பையன் வாய்தாவுக்கு வராமல் போனால் வீடு போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். இன்னொருவர், "வாத்தியாருக்கு ஏன் இந்த வம்பு?" என்றார். அந்த அம்மாள் வாரம் ஒரு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் நான் 'பார்க்கலாம்' என்றேன். அவர் ஒரு நாளும் கடிந்து பேசவில்லை. "ஒழிஞ்சப்பப் பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படி முப்பத்தாறு நாள் கழிந்தது.

முப்பத்தேழாம் நாள் நான் போனேன். எதனால் மனம் மாறியது என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேறு ஒரு காரியமாக வீட்டு வரி கட்டப் போனேன். ரசீது கைக்கு வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப எனக்குக் கால் வரவில்லை. மற்றொரு ஜாமீன்தாரராக அவன் வேலை பார்த்த பட்டறைக்காரரே வந்து நின்றார். அவரை யாரும் கேட்டிருக்கவில்லையாம். கேட்டிருந்தால் முதல் நாளே வந்திருப்பேன் என்றார். நீதிமன்றத்தில் என் கையெழுத்தை வாங்கி, படத்தைச் சரிபார்த்து, ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்த மறு நாள் பையன் என்னைப் பார்க்க வந்தான். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மண்பானையில் தண்ணீரும் அதன்மேல் ஒரு குவளையும் எப்பொழுதும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் யாரையும் கேளாமல் மொண்டு குடித்துவிட்டுப் போவார்கள். இவனும் ஒரு காலத்தில் அப்படிக் குடித்தவன்தான். வெயிலில் நடந்து வந்தவன் பானைக்கு அருகே நின்றான். கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, "சார், தண்ணி குடிச்சுக்கிடட்டுமா?" என்றான்.

நான் தலையசைத்த பிறகே குடித்தான்.

உள்ளே உன்னை அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். சோறு எப்படி என்றேன். பரவாயில்லை என்றான். பின்பு அவனாகவே சொன்னான்: எல்லாவற்றையும் கேட்க வேண்டும் சார், மருந்து வேண்டுமென்றால் கேட்க வேண்டும், எழுதக் காகிதம் வேண்டுமென்றால் கேட்க வேண்டும், போன் பேசக் கேட்க வேண்டும், இல்லை என்று சொல்ல மாட்டார்கள், 'பார்க்கலாம்' என்பார்கள்.

அந்தச் சொல்லை அவன் யாரையும் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னிடம் அவன் தாய் எத்தனை முறை வந்து போனார் என்பது அவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ, நான் கேட்கவில்லை. அன்று இரவு புறநானூற்றை எடுத்து அந்த எழுபத்து நான்காம் பாட்டின் குறிப்பை மறுபடியும் படித்தேன்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் அதிகாரிகள் ஆவீர்கள். பெரும்பாலோர் வீட்டு வரி ரசீது உள்ளவர்கள் ஆவீர்கள். ஆகவே சில செய்திகளைச் சொல்லி வைக்கிறேன். காவலில் இருக்கும் எவரும் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க இயலாதவன் விஷயத்தில் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2023 இல் கூறியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479 ஆம் பிரிவின்படி, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவன், அக்குற்றத்துக்குரிய மிகுதியான தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்பட வேண்டும். தூக்குக்கும் ஆயுளுக்கும் உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவருக்கும் பொருந்தாது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவற்றை அந்த அம்மாளிடம் அந்த முப்பத்தாறு நாளில் யாரும் சொல்லவில்லை. எனக்கே அப்பொழுது இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. படித்தவன் என்று நம்பி என் வாசலுக்கு வந்தவர் அவர்.

பையன் மறுபடியும் அதே பட்டறையில் வேலை செய்கிறான். வழக்கு முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தவறாமல் போய் வருகிறான். போய் வந்ததும் என் வீட்டுப் பக்கம் வந்து அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று சொல்லிவிட்டுப் போவான். பானையைக் காட்டி, "கேளாதே, எடுத்துக் குடி" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சென்ற முறை வந்தபோது பாதி வழி கையை நீட்டிவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தான். அடுத்த வாய்தா வருகிற மாதம் பதினெட்டாம் தேதி.